தமிழ் தெரிந்தவன்

ஈவாவுக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. சிங்கப்பூர் ஈசூனில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் இது எல்லாருக்கும் தெரியும். மேல்மாடிக்காரி ஒருத்தி தரை துடைத்த மாப் பிழிந்த தண்ணீரை, ஈவா காயப்போட்டிருந்த துணிமேல் கொட்டிவிட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் நிற்கும் மின்தூக்கியில் ஈவா ஏறுவதில்லை. கையில் அரிசிப் பை கனத்தாலும் அடுத்ததற்குக் காத்திருப்பாள். கணவர் சூசைநாதனுக்கு மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. "எந்த லிஃப்ட்டா இருந்தாலும் சரி பண்ணிடுவேன், உன்னைத்தான் முடியலை லா" என்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் மாறமாட்டாள்.

முப்பத்தாறு வயதுவரை பேரங்காடியின் மீன் பிரிவில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் ஐஸில் கைவைத்து விரல்கள் மரத்துப்போயின. ஒருநாள் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தவள், நேராகப் போய்க் கனரக வாகன ஓட்டுநர் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் சோதனையில் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். லிட்டில் இந்தியாவில் டன்லப் ஸ்திரீட் பக்கத்துக் கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கிய சிறிய பேருந்து நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. மலேசியாவின் ஜோகூருக்குப் போய்வரும் வண்டி. கல்யாணக் கோஷ்டி, கோயிலுக்குப் போகிறவர்கள், சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும் குடும்பங்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும். எல்லைப் பாலத்து நெரிசலில் மணிக்கணக்கில் நின்றாலும் ஈவா ஹார்ன் அடிக்கமாட்டாள். அவ்வளவு பெரிய வண்டி தன் கைக்கு அடங்கி நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஜோகூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். எல்லைச் சாவடியில் பயணிகள் வழக்கம்போல் கடப்பிதழோடு இறங்கிக் குடிநுழைவு மண்டபத்துக்குப் போனார்கள். வெற்றுப் பேருந்தை அவள் சோதனைத் தடத்துக்குள் மெல்ல ஓட்டி வந்தாள். அந்த வண்டியின் சாமான் அறையில் கள்ளச் சிகரெட் வருவதாக அதிகாரிகளுக்கு முன்பே தகவல் கிடைத்திருந்தது. பயணி ஒருவன் தன் பெட்டிகளில் அடைத்து ஏற்றியிருந்தான். அது ஈவாவுக்குத் தெரியாது.

கைகாட்டி நிறுத்தினார்கள். கதவைத் திறந்தாள். இரண்டு அதிகாரிகள் படியில் ஏறினார்கள். "இறங்கு! உடனே இறங்கு!" என்று முன்னால் வந்தவன் ஆங்கிலத்தில் கத்தினான். அவன் போட்ட சத்தத்தில் ஈவா பதறி இருக்கையிலிருந்து எழுந்தாள். கால் பிரேக்கிலிருந்து எடுபட்டது. தடம் சற்றுச் சரிவு. வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. பின்னால் இன்னொரு பேருந்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. கைபிரேக் ஜன்னல் பக்கம், இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அவள் சட்டென்று குனிந்து அதை இழுத்தாள்.

அவ்வளவுதான். முன்னால் வந்த அதிகாரி அவளுடைய இடது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கி, படி வழியாகக் கீழே இழுத்துச் சிமெண்டுத் தரையில் குப்புறத் தள்ளினான். முழங்கால் அவள் முதுகில் ஏறியது. கையில் விலங்கு விழுந்தது. விலங்கு விழுந்த பிறகும் அவன் கையை மேல்நோக்கி நெம்பிக்கொண்டே இருந்தான். தோளுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. அவள் வாயில் ஆங்கிலம் வரவில்லை. "கை போச்சு! ஐயோ, விடுங்க, கை போச்சு!" என்று தமிழில் அலறினாள்.

காதருகே ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "நடிக்காதடி."

தூக்கி நிறுத்தியபோது அவன் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மார்பில் பெயர்ப்பட்டி. ரோனி என்று இருந்தது.

அன்று மாலைக்குள் சிகரெட் வைத்தவன் குடிநுழைவு வரிசையிலேயே பிடிபட்டான். ஓட்டுநருக்குச் சம்பந்தமில்லை என்று அவனே சொல்லிவிட்டான். ஈவாவை "நீங்க போகலாம்" என்றார்கள். அவள் போனது மருத்துவமனைக்கு. தோள்பட்டைத் தசைநார் கிழிந்திருந்தது. அறுவைசிகிச்சை நடந்தது. இனிப் பழையபடி கை மேலே எழும்புவது கஷ்டம் என்று மருத்துவர் சொன்னார். கனரக வாகனம் ஓட்டத் தேவையான உடல்தகுதிச் சோதனையில் தேற முடியாது. நிறுவனத்தார் நல்லவர்கள், வேலையை விட்டு நீக்கவில்லை. கீழ்த்தளத்தில் டிக்கெட் விற்கும் முகப்பில் உட்காரவைத்தார்கள். தன்னுடைய வண்டியை வேறொருவன் கிளப்பிக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியே பார்த்தபடி அவள் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.

வலியை அவள் பொறுத்துக்கொண்டாள். வண்டி போனதைக்கூட ஒருவகையில் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. சூசைநாதனிடம் ஒருநாள் சொன்னாள்:

"அவன் தமிழ் தெரியாத ஆளா இருந்தா, நான் கத்தினது புரியலைன்னு நினைச்சிருப்பேன். அவனுக்குப் புரிஞ்சிருக்கு. கை போச்சுன்னு சொன்னா என்னன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் முறுக்கினான். நீங்க கட்டின நாள்லேர்ந்து என்னை ஒரு தடவை 'டி' போட்டுக் கூப்பிட்டிருப்பீங்களா?"

"இல்லை."

"அவன் யாரு என்னை 'டி' போட?"

"விட்டுடு ஈவா. கவர்மெண்ட் ஆளுங்க. நம்மளால என்ன செய்ய முடியும்?"

"நீங்க விட்டுடுங்க. நான் விடமாட்டேன்."

புகார் எழுதினாள். சில வாரங்களில் பதில் வந்தது. அதிகாரி நடைமுறைப்படியே நடந்துகொண்டார் என்றது பதில். அதோடு நின்றிருந்தால்கூட அவள் ஓய்ந்திருப்பாளோ என்னவோ. கீழே இன்னொரு வரி இருந்தது: பதற்றத்தைத் தணிக்க, அதிகாரி உங்கள் தாய்மொழியிலேயே அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த வரியை ஈவா திரும்பத் திரும்பப் படித்தாள். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள். அந்த வாரமே தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தாள். அடுத்த மாதமும் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். அங்கிருந்த தொண்டூழியர்கள் அவளைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போடும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

இடையில்தான் அவனைக் கண்டுபிடித்தாள்.

தேடிப் போகவில்லை. அவளுக்கு வழக்கமான தேவாலயத்தில் கூரை வேலை நடந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வேறு பங்குக் கோயிலுக்குப் போனார்கள். காணிக்கை எடுக்கும் நேரம். ஊழியன் ஒருவன் துணிப்பையை நீட்டிக்கொண்டே வரிசை வரிசையாக வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பணிவான முகம். ஈவாவின் வரிசைக்கு வந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன்தான்.

பை அவள் முன்னால் நின்றது. அவள் ஒன்றும் போடவில்லை. அவனை முறைத்துப் பார்த்தாள். இடது கை அப்போதும் கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கட்டைப் பார்த்து, இரக்கத்தோடு லேசாகத் தலையசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஈவா கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். "என் கையை ஒடிச்சவன், என்னையே பாவம்னு பார்க்கிறான்!" என்று கத்தினாள். சூசைநாதன் சமாதானம் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கோப்பி கலக்கினார்.

கூரை வேலை முடிந்தது. ஆனால் ஈவா பழைய பங்குக்குத் திரும்பவில்லை. ஞாயிறுதோறும் அந்தப் பூசைக்கே போனாள், முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கட்டை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்வாள். உடற்பயிற்சிச் சிகிச்சையில் ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்லும்போது, ஒவ்வோர் இழுப்புக்கும் மனதுக்குள் 'ரோனி' என்பாள். இவ்வளவு வேகமாகத் தேறுகிறீர்களே என்று சிகிச்சையாளர் பாராட்டினார்.

மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு, அவனுக்குத் தெரிந்துவிட்டது. பையை நீட்டியவன் கை அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் வற்றியது. ஈவா அவன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் குளிர்ந்தது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்து வரிசைகளுக்கு வேறொருவர் பையோடு வந்தார். ரோனி கடைசி வரிசையில் மனைவியோடும் சின்னப் பையனோடும் உட்கார்ந்திருந்தான்.

பூசை முடிந்து கீழே கேண்டீனில் தேநீர் குடிக்கும்போது பெண்கள் விசாரித்தார்கள்: "கையில என்ன ஆச்சு?" ஈவா நடந்ததைச் சொன்னாள். அந்த வார்த்தையையும் சொன்னாள். பெயர் கேட்டார்கள். பெயரையும் சொன்னாள். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க அவசியமும் இருக்கவில்லை.

ரோனியின் மனைவி பெதானி, செங்காங் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். பிறந்தநாள், திருமுழுக்கு, முதல் நற்கருணை என்று பங்கில் எந்த விசேஷமானாலும் அவளிடம்தான் சொல்வார்கள். அந்த வழக்கம் சத்தமில்லாமல் நின்றது. அப்படி நின்றுபோனதை ஒருத்தி வந்து ஈவாவின் காதில் போட்டபோது, "ஓ, அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ரயிலில் அதை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டாள். நல்லா வேணும் என்றிருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, மன்னிக்க முயற்சி செய்யுங்கள் என்றார் சாமியார்.

"அவர் செஞ்சதை முதல்ல ஒத்துக்கட்டும் ஃபாதர். அவர் என்னை அமைதிப்படுத்தினார்னு எழுதிக் கொடுத்திருக்கார். நான் எதை மன்னிக்கிறது?"

சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பினார். அவள் சொன்னாள். அதிலும் பாதியில் ரோனியின் முகம் வந்துவிட்டது.

கடைசியில், அதிகாரிகள் பலத்தைப் பயன்படுத்திய சம்பவங்களை மறுஆய்வு செய்யும் குழு ஒன்று இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டது. சாட்சியாக வரச்சொல்லி ஈவாவுக்கு அழைப்பு வந்தது. குழுவில் மூவர். தலைவர் ஜைனப் என்ற அம்மையார். ஐம்பதைத் தாண்டியவர், சாம்பல்நிறத் துடோங் முக்காடு, அளந்து பேசும் குரல். மேசையின் ஒரு பக்கம் ஈவா, எதிர்ப்பக்கம் ரோனி. சூசைநாதனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் காணொளி ஓடியது. ரோனி சட்டையில் அணிந்திருந்த கேமரா எடுத்தது. படத்தில் ஈவாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. தரை, ஒரு காலணி, அவளுடைய முதுகு, இவைதான். முதலில் புகாரை விசாரித்தவர்களுக்குத் தமிழ் தெரியாததால், அவர்கள் ரோனி கொடுத்த ஆங்கிலக் குறிப்பை வைத்துக்கொண்டே சத்தத்தைக் கேட்டிருந்தார்கள்.

"சத்தத்தைக் கூட்டிப் போடுங்க மேடம்," என்றாள் ஈவா. "இந்த அறையில தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"எனக்குத் தெரியும்மா," என்றார் ஜைனப். "எங்க வீட்டுல தமிழ்தான்."

கூட்டிப் போட்டார்கள். முதலில் புஸ்ஸென்று காற்று பீறிடும் சத்தம். கைபிரேக் இறுகிய சத்தம் அது. பிறகு தள்ளுமுள்ளு. விலங்கு பூட்டும் சத்தம். "சார், விலங்கு போட்டாச்சு சார், போதும்" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். கூடவந்த இளைய அதிகாரி அர்ஃபான். அதற்கும் பிறகுதான் ஈவாவின் அலறல். அலறலுக்கு அடியில், மைக்குக்கு வெகு அருகே, அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது.

ஜைனப் எதையும் காட்டிக்கொள்ளாதவர். ஆனால் அந்தச் சொல் வந்தபோது அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "மறுபடியும் போடுங்க," என்றார். மறுபடியும் ஓடியது.

"இன்னொரு தடவை," என்றாள் ஈவா.

"போதும்மா. நாங்க கேட்டுட்டோம்."

"நீங்க கேட்டுட்டீங்க மேடம். அவர் கேட்கணும்."

ஜைனப் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். மூன்றாம் முறை அலறல் அறை முழுக்க ஓடியது. ரோனி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. ஈவாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

அவன் பேசவேண்டிய முறை வந்தது. குரல் தாழ்ந்து இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சோதனைத் தடத்தில் ஒரு கார்க்காரன் நிற்காமல் கிளப்பியதில், கதவில் கை மாட்டித் தான் கொஞ்சதூரம் இழுபட்டதைச் சொன்னான். அந்த ஆள் குனிந்து கியரைத் தொட்டதும்தான் கார் பாய்ந்ததாம்.

"இவங்க திடீர்னு கீழே குனிஞ்சாங்க. எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டேன். அதுக்கப்புறம்... அதுக்கப்புறம் நான் நிறுத்தியிருக்கணும்."

"இழுத்துட்டுப் போனப்போ வலிச்சுதா?" ஈவா கேட்டாள்.

ஜைனப் கைதூக்கினார். "கேள்வியை என்கிட்ட கேளுங்கம்மா."

"சரி மேடம். உங்ககிட்டயே கேட்கிறேன். வலியில அவர் கத்தியிருப்பார் இல்லையா? அப்போ யாராவது அவர் காதுகிட்ட வந்து நடிக்காதடான்னு சொன்னாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஜைனப் ரோனியைப் பார்த்தார். ரோனி இல்லையென்று தலையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. ஈவா அதையும் விடாமல் பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்ததாகவும், வரவில்லை என்றும் பிறகு கணவரிடம் சொன்னாள்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. ஓட்டுநர் திடீரெனக் குனிந்ததை அந்தக் கணத்தில் ஆபத்தாக நினைத்து அவரைக் கீழே இறக்கியது ஏற்கத்தக்கது என்றது குழு. விலங்கு பூட்டிய பிறகும் பலத்தைப் பயன்படுத்தியது விதிமீறல். பேசியதை மாற்றி எழுதிக் கொடுத்தது அதைவிடப் பெரிய தவறு. ரோனிக்குப் பதவி ஒருபடி இறங்கியது. சோதனைத் தடத்திலிருந்து எடுத்து, ஆட்களைச் சந்திக்காத ஒரு வேலையில் போட்டார்கள். இனிப் பெரிய வாகனங்களை நிறுத்தும்போது, ஓட்டுநரை முதலில் கைபிரேக் போடச் சொல்லிவிட்டுத்தான் இறங்கச் சொல்லவேண்டும் என்று விதி மாறியது.

நிறுவனத்தில் எல்லாரும் கைகொடுத்துப் பாராட்டினார்கள். ஈவா கைகொடுக்கும் மனநிலையில் இல்லை.

"இறக்கினது சரியாம், அதுக்கப்புறம் நெம்பினது தப்பாம்," என்றாள் சூசைநாதனிடம். "என் தோள் எப்போ கிழிஞ்சுதுன்னு டாக்டராலேயே சொல்ல முடியலை. பாதி நியாயமாக் கிழிஞ்சிருக்கு, பாதி அநியாயமாக் கிழிஞ்சிருக்கா?"

"அவன் ரேங்க் போச்சே ஈவா."

"என் வண்டி போச்சு."

அதற்கடுத்த ஞாயிறு ரோனி வந்தான். கேண்டீனில் எல்லாரும் இருக்கும் நேரம். அவள் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, நான் செஞ்சது பெரிய தப்பு. உங்களைப் பேசினதும் தப்பு, எழுதிக் கொடுத்ததும் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

ஈவா தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். அவன் நின்றான். இன்னொரு மிடறு குடித்தாள். கோப்பை காலியாகும்வரை அவன் அங்கேயே நின்றான். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேட்டுட்டீங்க. என் காதுல விழுந்துச்சு. போங்க."

"அக்கா..."

"முடிவு வந்த பிறகு கேட்கிறீங்க. பொய் எழுதும்போது இந்த அக்கா ஞாபகம் வரலை. போங்க தம்பி."

அவன் போனான். பக்கத்தில் இருந்த பெண்களில் சிலர் அவள் செய்தது சரி என்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சூசைநாதன் தலைகுனிந்து மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈவாவுக்கு அன்று மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது. மீன்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள்.

பெதானி வந்தது ஒரு வாரநாளில். டன்லப் ஸ்திரீட்டில் மதிய வெயில். டிக்கெட் முகப்பில் கூட்டமில்லை. கண்ணாடிக்கு அப்பால் வந்து நின்ற பெண்ணை ஈவாவுக்கு உடனே தெரிந்தது. கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். என்ன பதில் சொல்வது என்றுகூட ஆயத்தமாகிவிட்டாள்.

"நான் அவருக்காகப் பேச வரலை," என்றாள் பெதானி. "அவர் செஞ்சது தப்பு. எனக்குத் தெரிஞ்ச நாளிலேர்ந்து ஒரு வாரம் அவரோட முகம்கொடுத்துப் பேசலை. அவருக்குக் கிடைச்சது கிடைக்க வேண்டியதுதான். ஆனா அக்கா, என் கேக் உங்களை என்ன செஞ்சுது?"

"வாங்காதீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை."

"சொல்லணுமா? அந்தக் கட்டைக் கட்டிக்கிட்டு முன்வரிசையில உட்கார்ந்தா போதாதா? எங்க அம்மாவுக்கும் தோள்ல ஆபரேஷன் ஆச்சு. அந்தக் கட்டு எத்தனை வாரம் இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க அதுக்கு மேலயும் கட்டியிருந்தீங்க."

ஈவா டிக்கெட் புத்தகத்தை மூடிவைத்தாள்.

"ஆர்டர் நின்னுச்சு, சரி. என் பையனோட மறைக்கல்வி கிளாஸ்ல யாரும் அவன் பக்கத்துல உட்காரலை. ஏழு வயசு. உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

ஈவா பொய் சொல்லியிருக்கலாம். "கேக் நின்னது சந்தோஷமாத்தான் இருந்துச்சு," என்றாள். "பையன் விஷயம் எனக்குத் தெரியாது."

"இப்போ தெரிஞ்சுக்கோங்க. அவரை நீங்க மன்னிக்க வேணாம். உங்களை நானும் மன்னிக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் வேலையை விட்டுட்டு ரயில் ஏறி வந்தேன்."

சொல்லிவிட்டு பெதானி திரும்பி நடந்தாள். அழவில்லை. காய்கறிக் கூடைகளுக்கு நடுவே ஆட்களை இடித்துத் தள்ளாத குறையாக வேகமாகப் போனாள். ஈவா அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோகூருக்கு நான்கு டிக்கெட் கேட்டு நின்ற குடும்பம் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று மாலை சூசைநாதனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "நல்லாக் கேட்டா அந்தப் பொண்ணு," என்று முடித்தாள். "கேட்க வேண்டிய இடத்துக்கு வந்து கேட்டா. புருஷனைவிட அவளுக்கு முதுகெலும்பு இருக்கு."

அடுத்த ஞாயிறு அவள் கட்டுப் போடாமல் போனாள். கேண்டீனில் பெண்களைக் கூட்டி, "என் வழக்கு அவனோட. அவன் பொண்டாட்டியோடவும் பிள்ளையோடவும் இல்லை. அந்தப் பிள்ளை பக்கத்துல உங்க பிள்ளைங்களை உட்காரச் சொல்லுங்க," என்றாள். அதைச் சொன்ன தோரணையில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேக் ஆர்டர்கள் திரும்பின. பையனுக்கும் பக்கத்தில் ஆள் கிடைத்தது.

ரோனி விஷயத்தில் அவள் ஓர் அங்குலமும் நகரவில்லை. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் திரும்பித் திரும்பிக் கைகூப்புவார்கள். அவன் இருக்கும் திசைக்கு மட்டும் அவள் திரும்பமாட்டாள்.

சூசைநாதனின் பிறந்தநாளுக்கு பெதானியிடமே கேக் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்து, கைப்பேசியில் செய்தி அனுப்பினாள். சாக்லேட் கேக், தேதி, பெயர் எல்லாம் மரியாதையாக எழுதியிருந்தாள். உடனே பதில் வந்தது. 'சாரி, ஃபுல்லி புக்ட்.' தேதி இன்னும் மூன்று மாதம் தள்ளி இருந்தது. ஈவா அதைக் கணவரிடம் காட்டிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். "நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள்.

கேக் ஆங் மோ கியோவில் ஒரு கடையில் வாங்கினார்கள். சுமாராக இருந்தது.

குழு சொன்ன முதல் பகுதியை எதிர்த்து அவள் மேல்முறையீடு செய்திருக்கிறாள். வண்டி நகர்வதை அந்த அதிகாரியும் உணர்ந்திருக்க வேண்டும், நகரும் வண்டியில் ஓட்டுநர் பிரேக்கைத் தேடாமல் வேறு எதைத் தேடுவார் என்பது அவளுடைய வாதம். வழக்கறிஞர் ஒருவர் கட்டணமில்லாமல் உதவுகிறார். வெல்வது கடினம் என்று அவர் நேராகவே சொல்லிவிட்டார். கடினம்தானே, முடியாது என்று சொல்லவில்லையே என்றாள் ஈவா.

சூசைநாதன் இப்போதெல்லாம் விட்டுவிடு என்று சொல்வதில்லை. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் நாள்களில் அரைநாள் விடுப்பு எடுத்து, வேலை வேனில் அவளைக் கொண்டுபோய் விடுகிறார். வேன் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக்கை இவ்வளவு லேட்டாவா மிதிப்பாங்க?" என்று அவள் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போகிறாள்.